யார் பிள்ளை ஊர்ப் பிள்ளை?

“ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்” என்னும் பழமொழி இடம்பெறாத மலர் ஒன்றை யாழ்ப்பாணக் குடாநாட்டில் காண்பது அரிது. பாடசாலையின் நூற்றாண்டு மலர், சனசமூக நிலையத்தின் பொன்விழா மலர், விளையாட்டுக் கழகத்தின் வெள்ளிவிழா மலர், பழைய மாணவர் சங்கம் கடல்கடந்த நகரமொன்றில் வெளியிடும் மலர் என எவ்வகை மலராயினும், வாழ்த்துரைகளுள் ஒன்றிலேனும் இப்பழமொழி தலைகாட்டியே தீரும். கர்ப்பிணியான மனைவியைக் கணவன் பேணுதலே இதன் உட்பொருள் என்று நயம்படச் சொல்வாரும் உளர். பட்டிமன்றத்துக்கு அது போதும். மலர்களில் இப்பழமொழி ஏற்கும் பொருள் வேறு: இளைஞரை ஊரே தாங்கி நின்று வளர்த்தது, இனியும் வளர்க்கும் என்னும் நம்பிக்கை அது. அந்த நம்பிக்கையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலர்களைத் திறனாய்வுக்குரிய இலக்கியமாக எவரும் கொள்வதில்லை. நாவலுக்கும் கவிதைக்கும் விமர்சனம் எழுதுகிறோம். மலரை வாங்கி, நமது படம் அல்லது நமது தந்தையாரின் படம் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அலுமாரியில் வைத்துவிடுகிறோம். ஆயின், கொக்குவிலிலோ கோண்டாவிலிலோ ஒரு சாதாரண வீட்டு அலுமாரியைத் திறந்து பார்த்தால், முற்போக்கு நாவல் ஒன்று இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பஞ்சாங்கம் இருக்கும், இறந்தவர் நினைவாக அச்சிட்ட கல்வெட்டுகள் இருக்கும், இரண்டு மூன்று மலர்கள் இருக்கும். ஓர் ஊர் தன்னைப் பற்றித் தானே எழுதி, தன் செலவில் அச்சிட்டு, தன் வீடுகளிலே பாதுகாக்கும் எழுத்து அதுதான். சமுதாயம் தன்னை எவ்வாறு காண விரும்புகிறது என்பதை அறிய அதனிலும் சிறந்த சான்று வேறில்லை.

இதனை இப்போது எழுதுவதற்குக் காரணமும் உண்டு. அண்மையில் எம் அயலிலுள்ள நிலையமொன்றின் மலர்க்குழுவில் என்னையும் சேர்த்துக்கொண்டனர். தமிழ் படித்தவர் ஒருவர் எழுத்துப் பிழை பார்க்க வேண்டும் என்பதே அவர்கள் சொன்ன காரணம். பிழை பார்ப்பதற்காக முந்திய மலர்கள் பலவற்றை வாசிக்க நேர்ந்தது. எழுத்துப் பிழைகள் குறைவாகவே இருந்தன.

மலரின் அமைப்பு ஏறக்குறைய மாறாதது. முதலில் ஆசிச் செய்திகள், அடுத்து அதிகாரிகளின் வாழ்த்துச் செய்திகள், பின்னர் காணி கொடுத்தோர், கிணறு கட்டிக் கொடுத்தோர், மண்டபம் அமைத்தோர் ஆகியோரின் படங்கள், பின்னர் வரலாறு, அதன்பின், மலரின் இருதயம் என்று கூறத்தக்க அந்தப் பட்டியல், அதாவது பல்கலைக்கழகம் புகுந்தோர், மருத்துவர், பொறியியலாளர், கணக்காளர். பட்டியலில் உள்ளவர்கள் ஊரின் பெருமை. பட்டியலில் இல்லாதவர்களைப் பற்றி மலர் பேசுவதேயில்லை. பழிப்பதுமில்லை, அவர்கள் அங்கே இல்லை, அவ்வளவே. கடந்த மலருக்கும் இந்த மலருக்கும் இடையில் அந்த ஊரில் பிறந்து, அந்தப் பாடசாலையில் படித்து, சாதாரண தரத்தோடு நின்று, மேசன் வேலைக்கும் கடைக்கும் தோட்டத்துக்கும் போன நூற்றுக்கணக்கான பிள்ளைகள் எங்கே என்று கேட்டால், மலர் விடை கூறாது.

இதனைக் கூறுவதால் மலர்கள் போற்றும் பணிகளை நாம் இழித்துரைப்பதாகக் கருத வேண்டா. ஆறில்லாத, பேராலையில்லாத, கிணற்று நீரை நம்பிய வரண்ட மண்ணிலே இத்துணை பாடசாலைகள் எழுந்தமை சாமானியமான செயலன்று. 1848 இல் நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும், 1910 இல் கொக்குவில் இந்துக் கல்லூரி தோன்றியதும், 1923 இல் உருவான சைவ வித்தியா விருத்திச் சங்கம் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளை நடத்தியதும் வரலாறு. 1933 இல் க. மு. செல்லப்பா என்னும் தனிமனிதர் தம் இல்லத்திலேயே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். மறு ஆண்டு 844 நூல்களோடும் முப்பது பத்திரிகைகளோடும் வாடகை அறையொன்றில் திறக்கப்பட்ட அந்த முயற்சியே வளர்ந்து, 1959 இல் புதிய கட்டடம் பெற்று, 1981 இல் தொண்ணூற்றேழாயிரம் நூல்களோடு எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம். பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர்களின் கதையைப் படிக்கும் எவரும் நெகிழாதிருக்க முடியாது.

எனினும் அந்த அன்புக்கும் ஒரு பொருளாதார அடிப்படை இருந்தது. பிரித்தானிய ஆட்சியின் கீழ் இலங்கை அரசாங்கக் கந்தோர்களிலும் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் எழுதுவினைஞர் தேவைப்பட்டனர். ஆங்கிலம் படித்த பிள்ளையின் சம்பளம் வீட்டைக் கல்வீடாக்கியது, தங்கைக்குச் சீதனமாயிற்று, ஓய்வூதியமாகித் திரும்பி வந்து கோயிலுக்குக் கோபுரமும் பாடசாலைக்கு மண்டபமும் ஆயிற்று. படித்த பிள்ளை, ஊர் இட்ட முதலீடு. முதலீடு என்றால் எந்த நிலத்தில் விதைப்பது என்னும் தேர்வும் உடன் வரும். பிடியரிசி எந்தெந்த வீட்டுப் பானைகளிலிருந்து வந்தது, அதனால் நடந்த பாடசாலையில் எந்தெந்த வீட்டுப் பிள்ளைகள் வாங்கில் இருந்தனர், எந்தெந்த வீட்டுப் பிள்ளைகள் தரையில் இருந்தனர் என்னும் கேள்வி இங்கேதான் எழுகிறது.

தரையில் இருந்தனர் என்பது அலங்காரச் சொல்லன்று. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்ப்பதே அரிதாயிருந்த காலத்தில், சேர்க்கப்பட்டவர்களும் நிலத்திலோ, வேறாகப் போடப்பட்ட தாழ்ந்த பலகையிலோ இருத்தப்பட்டனர். 1930 ஆம் ஆண்டை அண்டிய காலத்தில் சம ஆசனம் வேண்டும் என்று அரசாங்கம் பணித்தபோது, அதனை எதிர்த்தும் இதே ஊர்கள்தாம் திரண்டன. பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்ப மறுத்தனர். கொட்டகைகளுக்குத் தீ வைத்த சம்பவங்களும் நடந்தன. பாடசாலை கட்டிய கையும் கொளுத்திய கையும் ஒரே சமூகத்தின் கைகள் என்பதை எந்த மலரிலும் நான் காணவில்லை. கட்டியவர் பெயர் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது, கொளுத்தியவருக்குப் பெயரில்லை.

இவ்விடத்தில் கொக்குவில் வாசிகள் பெருமையோடு நினைக்கும் ஒருவரைப் பற்றிக் கூறுதல் பொருந்தும். 1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்த ஹன்டி பேரின்பநாயகம் அவர்களை எம்மூர் மேடைகளில் புகழக் கேட்டிருக்கிறேன். சிறந்த அதிபர், எளிமையானவர், கதர் அணிந்தவர் என்பார்கள். அனைத்தும் உண்மை. ஆனால் அவர் அதிபராவதற்குக் கால் நூற்றாண்டின் முன்னர் என்ன செய்தார் என்பதைக் கூறும்போது பேச்சு விரைந்து ஓடிவிடும். 1924 இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றி யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸாக வளர்ந்த இயக்கத்தின் முன்னணியில் நின்றபோது அவருக்கு வயது இருபத்தைந்து. பூரண சுதந்திரம், தாய்மொழிக் கல்வி, மதபேதமின்மை ஆகியவற்றோடு சாதி ஒழிப்பையும் அவ்வியக்கம் தன் கொள்கையாக வரித்துக்கொண்டது. 1927 இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தது. 1931 இல் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி அது விடுத்த அழைப்பினால் குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் எவரும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. அப்பகிஷ்காரத்தின் விளைவுகளைப் பற்றி இருவேறு கருத்துகள் இருக்கலாம். எனக்கும் ஐயங்கள் உண்டு. ஆனால் நம் பொருளுக்கு வேண்டியது வேறு. மலரின் கண்ணுக்கு இளைஞன் என்றும் ஏற்பவன். ஊர் கொடுக்கிறது, அவன் பெறுகிறான், பின்னர் நன்றியோடு திருப்பிக் கொடுக்கிறான். வாலிபர் காங்கிரஸின் இளைஞரோ ஊரை நோக்கி, “நீ தருவது யாருக்கு?” என்று வினாவினர். சம ஆசனமும் சமபோசனமும் வேண்டும் என்று ஊரின் பெரியவர்களுக்கு எதிரே நின்று கூறினர். ஊர் இளைஞரை வளர்த்தது என்பது பாதிக் கதை. இளைஞர் ஊரைத் திருத்த முயன்றனர் என்பது மறுபாதி. 1980 இல் சாந்தசீலன் கதிர்காமர் தொகுத்த நினைவு நூல் இல்லாதிருப்பின் அந்த மறுபாதி இன்று நம் மாணவருக்கு எட்டாமலே போயிருக்கும்.

ஊர் கொடுக்க மறுத்தபோது மறுக்கப்பட்டவர் என்ன செய்தனர்? காத்திருக்கவில்லை. வடமராட்சியில் 1914 இல் சூரன் என்னும் பெரியார் தம் மக்களின் பிள்ளைகளுக்காகத் தேவரையாளியில் ஒரு சைவப் பாடசாலையை நிறுவினார். இன்றைய தேவரையாளி இந்துக் கல்லூரியின் தொடக்கம் அது. வசதியுள்ள ஊர்கள் பாடசாலை கட்டிய கதையோடு, வசதியோ அதிகாரமோ இல்லாத மக்கள், தம்மைத் தடுத்த அயலின் நடுவிலே பாடசாலை கட்டிய கதையை ஒப்புநோக்குக. சமூகம் தன் இளைஞரைத் தாங்குதல் என்னும் தொடருக்குப் பொருள் அங்கேதான் முழுமை பெறுகிறது. சூரனின் சுயசரிதை 2004 இல்தான் ராஜஸ்ரீகாந்தனின் முயற்சியால் நூலாயிற்று. பின்னர் அக்கல்லூரியிலே ஆசிரியராகப் பணிபுரிந்த தெணியான் நம் நாவல் இலக்கியத்துக்கு அளித்த பங்களிப்பு யாவரும் அறிந்தது. ஒரு பாடசாலை ஓர் எழுத்தாளனுக்குக் களமாவது தற்செயலன்று.

இவ்வாறு மலர்கள் மறைத்ததை எழுத வந்தவர்கள் நம் முற்போக்கு எழுத்தாளர்கள். 1954 இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் காலம் முதலாக, மலரின் வரலாற்றுப் பக்கங்களில் இடம் பெறாத மாந்தர் சிறுகதையிலும் நாவலிலும் இடம் பெற்றனர். டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதி 1960 இல் வந்தது, செ. கணேசலிங்கனின் ‘நீண்ட பயணம்’ 1965 இல், கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972 இல். 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் ஏட்டளவில் இருக்க, தேநீர்க் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் 1966 முதல் நடந்த போராட்டங்களின் வெப்பத்தை ‘பஞ்சமர்’ படிக்கும் எவரும் உணர்வர். கலையழகு போதாது என்று அன்று குறைகூறிய பண்டிதர்கள், அழகு என்பது யார் வீட்டுக் கிணற்று நீர் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவில்லை.

ஆயினும் நம்மவர் என்பதற்காக நம் எழுத்தை விமர்சியாதிருத்தல் முற்போக்காகாது. ஒரு குறையை நான் நெடுநாளாக உணர்ந்து வருகிறேன். நம் நாவல்களின் இளைஞன் பெரும்பாலும் விழிப்புற்ற நிலையிலேயே நம் முன் வந்து நிற்கிறான். கோபம் இருக்கிறது, தெளிவு இருக்கிறது, பேச்சு இருக்கிறது. அத்தெளிவை அவனுக்கு யார் கொடுத்தார்? எந்தத் திண்ணையில் இருந்து எதனை வாசித்தான்? அவன் முதன்முதலில் ஒரு பத்திரிகையைத் தொட்டபோது பக்கத்தில் இருந்தவர் யார்? இவ்வினாக்களுக்கு நம் நாவல் விரிவாக விடை தருவதில்லை. மறுப்பை விரிவாக எழுதினோம். போராட்டத்தை விரிவாக எழுதினோம். இரண்டுக்கும் இடையே அவனைத் தாங்கிய இடத்தை எழுதாது விட்டோம். மலர் கொடையாளரை எழுதியது, நாவல் கொடுமையாளரை எழுதியது. கூட இருந்தவரை இருவகை எழுத்தும் மறந்தன.

இதில் வியப்பு என்னவென்றால், அவ்வெழுத்தாளர்களே அத்தகைய இடங்களில் உருவானவர்கள். ஜீவா சிறுவனாயிருந்தபோது ஆசிரியர் ஒருவர் சாதியைச் சுட்டி இகழ்ந்தமையால் பாடசாலையை விட்டு நீங்கியவர். பாடசாலை கைவிட்ட அந்தச் சிறுவனை உருவாக்கியது எது? யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் அமைந்த ஜோசப் சலூன். முடி திருத்துமிடம் பத்திரிகை வாசிக்குமிடமாயிற்று, எழுத்தாளர் கூடுமிடமாயிற்று, விவாத மேடையாயிற்று. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த பொதுவுடைமையாளர் மு. கார்த்திகேசன் போன்றோர், பாடசாலைக்கு வெளியே நின்ற இத்தகைய இளைஞரோடு சமமாக இருந்து பேசினர். தலைமறைவாக யாழ்ப்பாணம் வந்த ப. ஜீவானந்தத்தின் தாக்கமே டொமினிக்கின் பெயரோடு ‘ஜீவா’ ஒட்டிக்கொண்டதற்குக் காரணம். ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒருவர், 1966 ஆகஸ்டில் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ‘மல்லிகை’ என்னும் மாசிகையை நடத்தினார். பிரதிகளைத் தாமே சுமந்து தெருத்தெருவாக விற்றார். இன்று பெயர் பெற்ற எழுத்தாளர் பலருடைய தொடக்க எழுத்துகளை அச்சேற்றினார். ‘மல்லிகை’யின் அட்டையில் எழுத்தாளரும் கலைஞரும் சமூகத் தொண்டரும் இடம்பெற்றனர். காணி கொடுத்தவர் படத்தைப் போடும் மலர்களுக்கு நடுவே அது ஓர் எதிர்மலர் என்று கூறத் தோன்றுகிறது. 1999 இல் வெளிவந்த அவருடைய சுயசரிதையில் சலூன் இருக்கிறது. அவர் புனைகதைகளில் அந்தச் சலூன், அந்த மாலை நேரங்கள், வாசித்துக் காட்டியவரின் குரல் இன்னும் எவ்வளவோ இருந்திருக்கலாம் என்று வாசகன் ஏங்குவது தவறாகாது.

சலூன் ஒன்றே அத்தகைய இடமன்று. கொக்குவில், தாவடி, கோண்டாவில் பகுதிகள் சுருட்டுத் தொழிலுக்குப் பேர்போனவை. இங்கே சுற்றிய சுருட்டு தென்னிலங்கைக் கடைகளுக்குப் போயிற்று. சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையையோ கதையையோ உரத்து வாசிக்க, ஏனையோர் செவியைக் கொடுத்தபடி கையால் சுற்றினர் என்று எம்மூர் முதியவர்கள் கூறக் கேட்டிருக்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாத பையன் பதினைந்து வயதில் கொட்டிலுக்குப் போய், இருபது வயதில் உலகச் செய்தி பேசினான் என்றால் அவனுக்குப் பல்கலைக்கழகம் அதுவே. கடலுக்கப்பால், கியூபா நாட்டின் ஹவானா நகரச் சுருட்டுத் தொழிற்சாலைகளிலும் 1865 முதல் இவ்வழக்கம் இருந்தமை வரலாற்றாசிரியர் பலர் எழுதிய செய்தி. அங்கே வாசிப்பவருக்குத் தொழிலாளர் தம் கூலியிலிருந்து பணம் சேர்த்துக் கொடுத்தனர். உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்து அவர் காலையில் செய்தியும் பின்னர் நாவலும் வாசித்தார். தொழிலாளர் சிந்திக்கத் தொடங்குவர் என்று அஞ்சிய ஆட்சியாளர் மறு ஆண்டே அதற்குத் தடை விதித்தனர். ஹவானாவின் வாசிப்பாளரைப் பற்றி உலகம் நூல்கள் எழுதியிருக்கிறது. தாவடியின் வாசிப்பாளரைப் பற்றி எந்த மலர் எழுதிற்று? எந்த நாவல் எழுதிற்று?

வாசிகசாலைகளின் கதையும் இத்தகையதே. 1945 இல் இலவசக் கல்வி வந்தது, 1960 ஆம் ஆண்டின் சட்டத்தால் உதவி பெற்ற பாடசாலைகள் அரசின் கைக்கு மாறின, 1971 முதல் தரப்படுத்தல் வந்து பல்கலைக்கழக வாசலை ஒடுக்கியது, பின்னர் போர். இவையனைத்துக்கும் ஊடாக ஊரின் இளைஞர் கூடிய இடம், பத்திரிகை விரித்த ஒரு நீண்ட மேசையும் முன்னால் கரப்பந்தாட்டக் கம்பங்களும் கொண்ட வாசிகசாலைதான். அவ்வாசிகசாலைகளுட் பலவும் சாதி வட்டாரத்துக்கு ஒன்றாக இருந்தன என்பதையும் மறைக்க வேண்டா. ஒரே ஒழுங்கையின் இரு முனையில் இரு வாசிகசாலை இருந்தால் வெளியூரார் எம்மூரின் அறிவு வேட்கையை மெச்சுவர். உள்ளூரார் காரணத்தை அறிவர்.

இன்றைய நிலைக்கு வருவோம். கட்டடங்கள் முன்னெப்போதையும் விடப் பெரியவை. கனடாவிலும் இலண்டனிலும் உழைக்கும் நம்மவர் அனுப்பும் பணத்தால் மாடி எழுந்திருக்கிறது. வாசலில் கொடையாளர் பெயர் கருங்கல்லில் இருக்கிறது. திறப்பு செயலாளர் வீட்டில் இருக்கிறது. பிள்ளைகள் மாலையில் அங்கே இல்லை. புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் பத்து வயதுக் குழந்தை முதல் உயர்தர மாணவர் வரை தனியார் கல்வி நிலையங்களின் தகரக் கொட்டகைகளில் இருக்கின்றனர். ஊரின் அக்கறை முழுவதும் பெறுபேறு என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் சுருங்கிவிட்டது. பெறுபேறு வரும் நாளில் மதில்களில் படங்கள் தொங்கும். படம் தொங்காத பிள்ளைகள் மறுநாள் மாலையில் எங்கே போகின்றனர்? மதகடிக்குப் போகின்றனர். மதகடியில் அவர்களை வரவேற்பவரும் உளர். போதைப்பொருளோடு பிடிபட்ட இளைஞர், வாள்வெட்டு வழக்கில் மறியலில் வைக்கப்பட்ட இளைஞர் என்று பத்திரிகைகளில் நாளாந்தம் படிக்கிறோம். உடனே ஊர் பெரியவர்கள் கூடி, பொலிஸ் ரோந்து வேண்டும், கண்காணிப்புக் கமரா வேண்டும், பிள்ளைகளுக்கு ஒழுக்கம் போதிக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றுகின்றனர். கமரா மதகடியைக் காணும். மதகடியில் இருப்பவனோடு அது பேசாது.

போதையின் காரணங்கள் ஒரு வாசிகசாலையைத் திறந்துவிட்டால் தீர்ந்துபோகும் எளிய காரணங்கள் அல்ல என்பதை அறிவேன். போரின் பின் வந்த வேலையின்மை, கடன், உடைந்த குடும்பங்கள், இலாபத்துக்காக நஞ்சு விற்கும் கூட்டம், அக்கூட்டத்தின் பின்னே நிற்கும் செல்வாக்கு ஆகியவற்றை ஊர் தனியே எதிர்கொள்ள முடியாது. அரசியல் மாற்றம் வேண்டும். ஆனால் அரசியல் மாற்றம் வரும்வரை மாலை ஆறு மணிக்கு அந்தப் பையன் எங்கே இருப்பான் என்னும் கேள்விக்கு நாம் விடை கூறியாக வேண்டும். கார்த்திகேசன் காலத்துப் பொதுவுடைமையாளர் அதற்கு விடை வைத்திருந்தனர். நாம் கருத்தரங்கு வைத்திருக்கிறோம்.

மலர்க்குழுவின் கதைக்குத் திரும்புகிறேன். என்னிடம் முன்னர் படித்த ஒருவன், சாதாரண தரத்தோடு நின்றவன், இப்போது மாபிள் பதிக்கும் வேலை செய்கிறான். எம் நிலையத்தின் புதிய மண்டபத்துக்குத் தரை பதித்தவர்களுள் அவனும் ஒருவன். வேலை முடிந்து ஓராண்டுக்கு மேலாகிறது. ஒருநாள் வழியில் கண்டு, மாலையில் நிலையத்துப் பக்கம் வருவதில்லையா என்று கேட்டேன்.

“வேலை முடிஞ்சாப் பிறகு நான் உள்ளுக்குப் போகேல்ல சேர். வரக்கூடாது எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. வா எண்டும் ஒருத்தரும் சொல்லேல்ல” என்றான்.

நூறாண்டு மலர்களில் நான் தேடிக் காணாத வரலாறு இவ்விரு வாக்கியங்களில் இருந்தது. தடுப்பதற்குச் சட்டம் இடம் கொடாது. அழைப்பதற்கு மனம் இடம் கொடாது. முன்னைய தலைமுறைக்கு வாசலில் ஒருவர் நின்று மறித்தார், அவரோடு போராடலாம். இவனுக்கு வாசலில் எவரும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் மூன்று யோசனைகளை முன்வைத்தேன். மலரின் வரலாற்றுப் பகுதியில் ஒரு காலத்தில் நம் வாசிகசாலையின் மேசையில் யார் இருக்கவில்லை, தேநீர் யாருக்கு எந்தப் பாத்திரத்தில் கொடுக்கப்பட்டது என்பவற்றையும் எழுத வேண்டும். பல்கலைக்கழகம் புகுந்தோர் பட்டியலோடு, இம்மண்டபத்தைத் தம் கையால் கட்டிய மேசன்மார், தச்சர், தரை பதித்தோர் பெயர்களும் வரவேண்டும். மலர் வெளியீட்டு விழாவுக்கு முன்னரே மண்டபம் மாலையில் திறந்திருக்க வேண்டும். ஒருவர் அங்கே இருக்க வேண்டும். அவர் பாடம் சொல்லிக் கொடுப்பவராக இருக்கத் தேவையில்லை.

குழுவில் மூத்தவர் ஒருவர், நல்ல மனிதர், இரத்ததான முகாம்களை ஆண்டு தவறாது நடத்துபவர், மெதுவாகச் சொன்னார்: “உதுகளை இப்ப ஏன் கிளறுவான், மாஸ்டர்? இப்ப ஆர் உதெல்லாம் பாக்கினம்?” இப்போது எவரும் பார்ப்பதில்லை என்பதை அவர் உண்மையாகவே நம்புகிறார். அவரோடு நான் வாதாடவில்லை. மாபிள் பதித்தவன் சொன்னதை மட்டும் கூறினேன். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் கிழமையில் மூன்று நாள் மாலை திறப்பது என்று முடிவாயிற்று; அந்நாள்களில் இருப்பதற்கு இருவர் முன்வந்தனர். அவர்களுள் ஒருவர் அந்த மூத்தவர். வரலாற்றுப் பகுதி பற்றிய முடிவு பிற்போடப்பட்டது.

தரை பதித்த அனுபவத்தை எழுதித் தரும்படி என் பழைய மாணவனைக் கேட்டேன். தனக்கு எழுத வராது என்றான். வகுப்பில் அவன் கட்டுரைகளைத் திருத்தியவன் நான்; அவன் கூறியது பொய்யில்லை. ஆயினும் இரண்டு கிழமை கழித்து அப்பியாசக் கொப்பித் தாளில் அரைப்பக்கம் கொண்டுவந்து தந்தான். எத்தனை பெட்டி மாபிள் வந்தது, எத்தனை உடைந்திருந்தது, பழைய சீமெந்துத் தரையை உடைக்க எத்தனை நாள் பிடித்தது, உடைக்கும்போது கீழே பழைய வாசிகசாலையின் அத்திவாரக் கல் தெரிந்தது, கூட வேலை செய்த நால்வர் யார் யார், அவர்களுள் ஒருவரின் தகப்பனார் சுருட்டுக் கொட்டிலில் இருந்தவர் என்பதெல்லாம் அதில் இருந்தன. கொட்டிலில் அவர் தகப்பனார்தான் பேப்பர் வாசிப்பவராம். எழுத்துப் பிழைகள் பல. நான் அவற்றைத் திருத்தவில்லை.

அந்த அரைப்பக்கத்தை எங்கே போடுவது என்பதில் இப்போது குழுவில் கருத்து வேற்றுமை. ‘நன்றி நவிலல்’ பகுதியில், அச்சகத்தாருக்கு நன்றி கூறும் வரிக்குக் கீழே போடலாம் என்கின்றனர் சிலர். வரலாறு என்னும் தலைப்பின் கீழ் முதற் பக்கமாகப் போட வேண்டும் என்கிறேன் நான். அடுத்த கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை, அந்த மண்டபத்திலேயே. அவனையும் வரச் சொல்லியிருக்கிறோம்.